நின்னா நடுக்கம், நடந்தா போயிடும்

ஈசிஆர்ல புதுச்சேரி போறப்போ மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. அங்க வெயில்ல பாத்திக்குள்ள நின்னு உப்பு வாருற, அறுபதைத் தாண்டின ஒரு அம்மாவை நினைச்சுக்கோங்க. "ஒரே இடத்துல நின்னா தொடை உதறுது, விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. உட்கார்ந்தாலும் நடந்தாலும் சரியாயிடுது"ன்னு சொல்றாங்க. பார்க்கிறவங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. உடனே "நரம்புத் தளர்ச்சி"ம்பாங்க, இல்ல "வேலைக்கு டிமிக்கி"ம்பாங்க.

நாம அப்படி முடிவு பண்ண வேண்டாம். எவ்வளவு நடுங்குதுன்னு கேக்குறதை விட, எப்போ நடுங்குதுன்னு கேளுங்க.

உப்பளத்துல முதல்ல சந்தேகப்பட வேண்டியது வெயிலைத்தான். உடம்புல தண்ணி குறைஞ்சா, எழுந்து நின்னதும் பிபி இறங்கும். கண் இருட்டும், தலை சுத்தும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ன 3 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பிபி பார்த்தா தெரிஞ்சுடும். மேல் அளவு 20 புள்ளியோ அதுக்கு மேலயோ குறைஞ்சா காரணம் அதுவா இருக்கலாம்.

பிபி சரியா இருந்தா அடுத்து இதைக் கவனிங்க:

• கை சும்மா மடியில இருக்கும்போது நடுங்கி, பொருளை எடுத்தா குறைஞ்சா, பார்க்கின்சனா இருக்கலாம். வேகம் சுமார் 4–6 ஹெர்ட்ஸ்.

• டீ கிளாஸைப் பிடிக்கும்போது, எழுதும்போது கை நடுங்கினா, எசென்ஷியல் ட்ரெமரா இருக்கலாம். சுமார் 4–12 ஹெர்ட்ஸ்.

• ராத்திரி படுத்தா கால்ல குறுகுறுப்பு, ஆட்டினாதான் நிம்மதின்னா, ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். இது நடுக்கமே இல்ல.

• நின்ன கொஞ்ச நேரத்துல கால்ல மட்டும் ஆரம்பிச்சு, உட்கார்ந்தா, நடந்தா, எதுலயாவது சாய்ஞ்சா அடங்கினா, ஆர்த்தோஸ்டேட்டிக் ட்ரெமர். 13–18 ஹெர்ட்ஸ். அமெரிக்க நரம்பியல் டாக்டர் கென்னத் ஹெயில்மேன் 1984-ல இதுக்கு இந்தப் பேரை வெச்சார். ரொம்ப அபூர்வமான நோய்.

அந்த அம்மா சொன்னது நாலாவதோட பொருந்துதா? நொடிக்கு 13 தடவைக்கு மேல, ரொம்பச் சின்ன அசைவா துடிக்கிறதால கண்ணுக்குச் சரியா தெரியாது. ஆனா தொடையில ஸ்டெதாஸ்கோப் வெச்சா தூரத்துல ஹெலிகாப்டர் பறக்கிற மாதிரி சத்தம் கேக்கும். அதனால அவங்க சொன்னது சாக்கு இல்ல.

நம்ம டிஎஸ்பி பாடம் ஞாபகம் இருக்கா? 18 ஹெர்ட்ஸைப் பிடிக்க நொடிக்கு 36-க்கு மேல சாம்பிள் வேணும். போன்ல இருக்கிற ஆக்ஸிலரோமீட்டருக்கே அது முடியும். எஃப்எஃப்டி போட்டு சிகரம் எங்க வருதுன்னு பார்க்கலாம். ஆனா அது நம்ம ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான். நோயை உறுதி பண்றது கால் தசையில எலக்ட்ரோடு வெச்சு எடுக்கிற ஈஎம்ஜி. மரக்காணத்துக்குப் பக்கத்துல, புதுச்சேரி ஜிப்மர்லயே நியூராலஜி துறை இருக்கு.

இதை முழுசா குணமாக்குற மருந்து இல்ல. சிலருக்கு மாத்திரையில நடுக்கம் குறையும், அதையும் டாக்டர்தான் தரணும். நம்மளால முடிஞ்சது ரெண்டு: அவங்க சொல்றதை நம்புறது, ரேஷன் கடை வரிசையில உட்கார ஒரு ஸ்டூல் போடுறது.