ஒரே சீட்டில் பஸ்ஸும் டிராமும்

பெருநகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களையும் புகையினின்றும் இரைச்சலினின்றும் விடுவிக்க வேண்டுமாயின், தனி மோட்டார் வண்டிகளைக் குறைத்தல் வேண்டும் என்பதனை இன்று மறுப்பார் அரியர். ஆயின், மோட்டாரை விட்டு இறங்கியவர் எதில் ஏறுவது என்னும் வினா எழுந்தவுடனே கருத்து வேற்றுமை தோன்றுகிறது. பஸ்ஸே போதும் என்பர் ஒரு சாரார். இருப்புப்பாதை இட்டாலன்றி ஜனங்கள் வாரார் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டனையும் இணைத்தலே தக்கது என்பதும், அவ்விணைப்புத் தண்டவாளத்தைக் காட்டிலும் சீட்டு, கால அட்டவணை, பணப்பெட்டி என்னும் மூன்றனையே பெரிதும் சார்ந்தது என்பதும் நாம் கொண்ட முடிபு. இதற்குச் சான்றாக ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஸூரிச் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம்.

முதற்கண் இலகு ரயில் என்பது இன்னதென அறிதல் நன்று. அது டிராம் வண்டியின் வளர்ந்த வடிவம் எனலாம். மின்சாரத்தால் இயங்குவது, தெருவோடு ஓடினும் பெரும்பாலும் தனக்கெனப் பிரிக்கப்பட்ட படுகையில் ஓடுவது, அப்படுகையில் புல் வளர்க்கவும் கூடும். இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையின்மீது உருளுங்கால் உண்டாகும் தடை, ரப்பர்ச் சக்கரம் சாலையில் உருளுங்கால் உண்டாவதினும் மிகக் குறைவு. அன்றியும், வண்டியை நிறுத்துங்கால் அதன் மோட்டாரே மின்சாரத்தைப் பிறப்பித்துக் கம்பிக்குத் திருப்பியனுப்புமாறு அமைத்தல் இயலும். ஸூரிச்சில் ஓடும் ஒரு வகை டிராம் 36 மீட்டர் நீளமுடையது. இருநூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஒரே சாரதி கொண்டுசெல்கிறார். ஆனால் இருபது பேர் மட்டும் ஏறும் சிற்றூர்க்குத் தண்டவாளம் இடுதல் பொருளை மண்ணில் புதைத்தலேயாம். அங்கே, எத்தெருவிலும் திரும்பவல்ல பஸ்ஸே உற்ற துணை. ஓடைகள் பல கூடி ஆறாதல்போல, பஸ்கள் பல திக்கிலிருந்தும் ஜனங்களைத் திரட்டி டிராமிற் சேர்க்க வேண்டும். டிராமுக்குப் பக்கத்திலேயே பஸ்ஸும் ஓடிப் போட்டியிடுமாயின் இரண்டும் பாதி வெறுமையாய் ஓடும். அரை வெறுமையான வண்டி எதனால் இயங்கினும் பசுமைக்கு உதவுவதன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பற்பல நகரங்கள் டிராமைக் கைவிட்டன. லண்டன் மாநகரில் 1952-ல் பழைய டிராம்கள் நின்றன. 1895-ல் மின்சார டிராமைக் கண்ட சென்னையில் அது 1953-ல் மறைந்தது. ஸூரிச்சிலும் தெருவை மோட்டார்களுக்கு ஒழித்துவிட்டு டிராமைப் பூமிக்கடியில் இறக்கவே நகரத்தார் சிலர் எண்ணினர். அந்நாட்டு வழக்கப்படி இத்தகைய பெருஞ்செலவுகளுக்கு வாக்காளரின் சம்மதம் வேண்டும். 1962-ல் வைத்த திட்டத்தை அவர்கள் மறுத்தனர். சுரங்க ரயில் அமைக்க 1973-ல் வைத்த திட்டத்தையும் மறுத்தனர். பின்னர் 1977-ல், தெருவில் ஓடும் டிராமையும் பஸ்ஸையும் விரைவுபடுத்த 20 கோடி பிராங்க் செலவிடுமாறு அவர்களே வாக்களித்தனர். அதன் பயனாக டிராமுக்கும் பஸ்ஸுக்கும் தனி வழிகள் பிரிக்கப்பட்டன. வண்டி நெருங்குவதை உணர்ந்து நாற்சந்தி விளக்கு அதற்கு வழிவிடலாயிற்று. வேண்டாமென்று இருமுறை சொன்னவர்கள் வேண்டுவது இன்னதென்றும் சொல்லினர் என்பது இதிற் கவனிக்கத்தக்கது. (அந்த டிராமின் பாதை, நம் தென்னிந்தியாவில் நெடுங்காலம் பயின்ற மீட்டர் அகலப் பாதையே என்பதனையும் இடையே குறித்துவைப்போம்.)

எனினும், நகரத்து டிராமும் வெளியூர்ப் பஸ்ஸும் ரயிலும் வெவ்வேறு கம்பெனியாரால் நடத்தப்படுமளவும் இணைப்பு நிகழாது. தன் சீட்டுப் பணத்தால் வாழும் பஸ் கம்பெனி தன் பிரயாணியைப் பாதி வழியில் டிராமுக்கு ஏன் ஒப்படைக்கும்? அவ்வாறு செய்தல் தன் வருவாயைப் பிறர்க்கு வழங்குதலன்றோ? இம்முடிச்சை ஸூரிச் மாகாணம் 1990-ஆம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி அவிழ்த்தது. அன்று புறநகர் ரயில்களும் புதிய போக்குவரத்துக் கூட்டும் ஒருங்கே தொடங்கின. மாகாணம் முழுவதும் வட்டகைகளாகப் பிரிக்கப்பட்டது. பிரயாணி இத்தனை வட்டகைக்கு என்று சீட்டு வாங்குவானேயன்றி, இன்ன கம்பெனிக்கு என்று வாங்குவதில்லை. குறித்த நேரத்துக்குள் ரயில், டிராம், பஸ் எதிலும் மாறி ஏறலாம். சீட்டுப் பணம் ஒரே பெட்டியிற் சேரும். வண்டி ஓட்டுவோர்க்கு ஒப்பந்தப்படி ஊதியம் அளிக்கப்படும். ஆகவே பிரயாணியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அவசியம் ஒருவர்க்கும் இல்லை. சென்னையிலும் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டுப் பெறும் கைப்பேசிச் செயலி 2025-ல் வெளிவந்தது; நல்ல தொடக்கமே, ஆயினும் சீட்டு ஒன்று, நடத்துவோர் மூவர்.

அடுத்தது கால அட்டவணை. அரை மணிக்கு ஒருமுறை வரும் பஸ், டிராம் வந்து சேர்வதற்கு இரண்டு நிமிஷம் முன்னே புறப்பட்டுவிடுமாயின், பிரயாணி 28 நிமிஷம் காத்திருக்க நேரும். அதே பஸ் நான்கு நிமிஷம் பிந்திப் புறப்படின் காத்திருப்பு இரண்டு நிமிஷமே. செலவில்லை, புதிய வண்டியில்லை, அட்டவணை எழுதுவோன் கைவண்ணம் ஒன்றே வேண்டுவது. ஸ்விட்ஸர்லாந்து இக்கணக்கைத் தேச முழுமைக்கும் விரித்தது. பெரிய நிலையங்களுக்கு ரயில்கள் மணி நிறையுமுன் வந்து, ஒன்றுக்கொன்று பிரயாணிகளை மாற்றிக்கொண்டு, மணி கடந்தவுடன் புறப்படும். இதற்கு நிலையங்களுக்கிடையேயான பிரயாணம் ஒரு மணிக்குச் சற்றே குறைவாக அமைதல் வேண்டும். ஸூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையே அது ஒரு மணிக்கு மேற்பட்டிருந்தமையால், 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய பாதையொன்று திறக்கப்பட்டு 56 நிமிஷமாகக் குறைக்கப்பட்டது. அட்டவணையை முதலில் எழுதி, அதற்கேற்பப் பின்னர்ப் பாதை இட்டனர் என்க. பெரும்பாலான தேசங்களில் இது தலைகீழாகவே நிகழ்கிறது.

நகரத்துக்கு வடக்கேயுள்ள கிளாட் பள்ளத்தாக்கில் இம்மூன்றும் ஒருங்கு கூடியதைக் காண்கிறோம். விமான நிலையத்தை அடுத்த அப்பகுதியில் வயல்கள் இருந்த இடத்தே காரியாலயங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. அவ்வூரார் கூடி இலகு ரயிலுக்கான நிலத்தை முன்னதாகவே ஒதுக்கி வைத்தனர். 2003-ல் மாகாண வாக்காளர் பொருள் அளிக்க இசைந்தனர். 2006, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதியாகச் சுமார் 12.7 கிலோமீட்டர்ப் பாதை திறக்கப்பட்டது. டிராமையும் அப்பக்கத்துப் பஸ்களையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஒரே நிறுவனத்தினது; ஆதலின் டிராம் வந்தபொழுது பஸ் வழிகளும் அதனை நோக்கித் திருப்பப்பட்டன.

இதனால் யாவரும் மகிழ்ந்தனர் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். முன்பு வீட்டு வாயிலிலிருந்து நேரே நகரத்துக்குச் சென்ற முதியவளுக்கு நடுவே இறங்கி ஏறுதல் துன்பமே. அட்டவணை அறிஞர்கள் இதனைச் சிறிதாக மதித்தல் தவறு என்பது நம் கருத்து. மாறுமிடம் ஒரே மேடையாயும், கூரையுடையதாயும், படியேறாமல் கடப்பதாயும் இருந்தாலன்றி, மாறச் சொல்லும் உரிமை ஒருவர்க்கும் இல்லை.

மேற்கே லிம்மாட் பள்ளத்தாக்கில் எதிர்ப்பு இன்னும் கடுமையாயிற்று. ஆல்ட்ஸ்டெட்டனிலிருந்து கில்வாங்கன் வரை 13.4 கிலோமீட்டர் நீளமும் ஏறக்குறைய 75 கோடி பிராங்க் மதிப்பும் உடைய பாதையை 2015-ஆம் ஆண்டு நவம்பரில் மாகாண வாக்காளர் ஏற்றனர். ஆனால் அப்பள்ளத்தாக்கில் வாழ்வோரோ பெரும்பாலும் மறுத்து வாக்களித்தனர். ரயிலும் பஸ்ஸும் உள்ள தங்கட்கு இஃது எதற்கென்றும், பாதையைத் தொடர்ந்து மாடங்கள் பெருகுமென்றும் அவர்கள் அஞ்சினர். பிற்பகுதி வேலையை நிறுத்தக் கோரிய முயற்சி 2018-ல் மீண்டும் வாக்குக்கு வந்து தோற்றது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் பாதை முழுதும் திறக்கப்பட, சுற்றுப்புறப் பஸ்களும் அதனையொட்டி மாற்றி அமைக்கப்பட்டன. போக்குவரத்துக் கூட்டில் சீட்டுப் பணம் போக நேரும் குறையைப் பாதி மாகாணமும் பாதி ஊர்களும் ஈடு செய்கின்றன. வேண்டாமென்ற ஊர்களும் அதில் தம் பங்கைச் செலுத்துகின்றன.