தண்ணீர் சிந்தும் கார்

"தண்ணீரில் ஓடும் கார்" என்று ஒரு வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். கார் ஓடுகிறது, அடியில் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சொட்டுவது உண்மை. தண்ணீரில் ஓடுகிறது என்பது பொய். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டால் ஃப்யூயல் செல் என்பதே பாதி புரிந்த மாதிரிதான்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே யூபிஎஸ்ஸும் வாங்கியிருப்பீர்கள். கரண்ட் இருக்கும்போது அதன் பேட்டரி சார்ஜ் ஏற்றிக் கொள்கிறது. கரண்ட் போனதும், சேர்த்து வைத்ததைத் தருகிறது. தீர்ந்தால் மறுபடி சார்ஜ் ஏற வேண்டும். ஃப்யூயல் செல் அப்படி அல்ல. அது கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் போல. எரிபொருள் வர வர கரண்ட் வந்து கொண்டே இருக்கும். ஆனால் ஜெனரேட்டரின் புகையும் இரைச்சலும் இதில் இல்லை. ஏனென்றால் உள்ளே எதுவும் எரிவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அதன் இரண்டு பக்கமும் பிளாட்டினத் துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு வருகிறது. மறுபக்கம் சாதாரணக் காற்று. பிளாட்டினம் பட்டதும் ஹைட்ரஜன் அணு, புரோட்டான், எலக்ட்ரான் என இரண்டாகப் பிரிகிறது. தாள் புரோட்டானை மட்டும்தான் உள்ளே விடும். எலக்ட்ரானுக்கு வழி கிடையாது. அது வெளியே உள்ள ஒயர் வழியாகச் சுற்றிக் கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும். அப்படிச் சுற்றிப் போவதுதான் நமக்குத் தேவையான கரண்ட். மறுபக்கத்தில் புரோட்டானும் எலக்ட்ரானும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து தண்ணீராகி விடுகின்றன.

ஒரு செல் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. டிவி ரிமோட்டில் போடும் செல்லே 1.5 வோல்ட் தருகிறது! எனவே டார்ச் லைட்டில் செல்களை வரிசையாகப் போடுவது போல இவற்றையும் அடுக்குகிறார்கள். டொயோட்டாவின் மிராய் கார் 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் இரண்டாவது மாடலில் 330 செல்கள் அடுக்கப்பட்டுள்ளன. அந்த கரண்டில் மோட்டார் சுற்றுகிறது. ஆக, இதுவும் எலக்ட்ரிக் கார்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1839-லேயே வில்லியம் குரோவ் என்பவர் பிளாட்டினத் தகடுகளை வைத்து இதைச் செய்து பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் அவர் ஒரு வக்கீல், பிறகு நீதிபதியும் ஆனார். அமெரிக்காவின் அப்போலோ விண்கலங்களுக்குக் கரண்ட் கொடுத்தது ஃப்யூயல் செல்தான். அதிலிருந்து வந்த தண்ணீரை விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். 1966-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதை ஒரு வேனில் பொருத்தியது. டேங்குகளும் குழாய்களும் இடத்தை அடைத்துக் கொண்டதில், ஆறு பேர் உட்காரும் வேனில் இரண்டு பேருக்குத்தான் இடம் மிஞ்சியது.

இட நெருக்கடிக்குக் காரணம் ஹைட்ரஜனின் குணம். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி அதில் உண்டு. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனைச் சும்மா விட்டால் சுமார் 11,000 லிட்டர் இடம் பிடிக்கும். எனவே மிராயின் டேங்கில் 700 பார் அழுத்தத்தில் அமுக்கி வைக்கிறார்கள். உங்கள் கார் டயரில் இருப்பது 2 பாரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். டேங்க் நிரம்ப ஐந்து நிமிடம் போதும். 5.6 கிலோ பிடிக்கும், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு பென்சில்களை இரு முனையிலும் சீவி, 9 வோல்ட் பேட்டரியுடன் இணையுங்கள். சிட்டிகை சமையல் சோடா கலந்த தண்ணீரில் மறுமுனைகளை நனையுங்கள். (உப்பு வேண்டாம், குளோரின் வாயு வரும்.) இரண்டு முனையிலும் குமிழிகள் வரும். நெகடிவ் பக்கம் அதிகமாக வருவதுதான் ஹைட்ரஜன். குமிழி வரவேண்டுமானால் பேட்டரி தன் கரண்டைச் செலவழிக்க வேண்டும். அந்த ஹைட்ரஜனை ஃப்யூயல் செல்லுக்குக் கொடுத்தால் செலவழித்த அத்தனையும் திரும்பக் கிடைக்காது. விறகு எரிந்தால் சாம்பல், ஹைட்ரஜன் வேலை முடித்தால் தண்ணீர். சாம்பலை வைத்து அடுப்பெரிக்க முடியுமா?

கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்கச் சுமார் 50 யூனிட் கரண்ட் வேண்டும். அதில் மிராய் நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி ஓடும். அதே 50 யூனிட்டை பேட்டரி காரில் நேராக ஏற்றினால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போகலாம்!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் மிகச் சிறிய பங்குதான் தண்ணீரிலிருந்து எடுக்கப்படுகிறது. பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து எடுக்கும்போது கிலோவுக்கு 9 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் நூறு கிலோமீட்டர் ஓடினால் வெளிவிடுவது சுமார் 13 கிலோ. அதாவது புகை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. காரின் வாலில் வராமல் தொழிற்சாலையின் வாயில் வருகிறது.

கார் வாங்கியவர்களுக்கு வேறு தலைவலி. கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை ஷெல் நிறுவனம் 2024-ல் மூடிவிட்டது. பேட்டரி கார் என்றால் வீட்டு பிளக்கில் சொருகிக் கொள்ளலாம். ஹைட்ரஜன் கார்காரர் என்ன செய்வார்?

நம் பக்கமும் இந்த நுட்பம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. 2009-ல் டோஷிபா, டைனாரியோ என்ற கையடக்க ஃப்யூயல் செல்லை ஜப்பானில் விற்றது. மெத்தனால் ஊற்றினால் யூஎஸ்பி வழியாகச் செல்போன் சார்ஜ் ஆகும். தயாரித்தது 3,000 மட்டும்.

ஃப்யூயல் செல்லுக்கு ஏற்ற இடம் கனரக லாரி என்பது என் கருத்து. நீண்ட தூரம் போகும் லாரிக்குப் பேட்டரியின் எடையே பெரும் சுமை. ஹூண்டாய் 2020-ல் ஸ்விட்சர்லாந்தில் எக்ஸியன்ட் என்ற ஹைட்ரஜன் லாரிகளை ஓடவிட்டது. அவற்றுக்கான ஹைட்ரஜனை ஆற்று நீர்மின் நிலையத்தின் கரண்டைக் கொண்டு தண்ணீரிலிருந்து பிரித்தார்கள்.