முறுமுறுப்பைக் கேட்ட பன்னிருவர்

வாசிக்க: அப்போஸ்தலர் பணி 6:1-7

திருச்சபையின் முதல் மனத்தாங்கல்களுள் ஒன்று பந்தியிலே எழுந்தது. யெருசலேமில் நாள்தோறும் நடந்த பகிர்வில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தனர். சபைக்குப் பொறுப்பாயிருந்தவர்கள் அப்போஸ்தலர். ஆகவே குறை அவர்கள் வாசலிலேயே வந்து நின்றது.

அவர்கள் என்ன செய்தார்கள்? "இதைக் கிளப்பியவன் யார்?" என்று தேடவில்லை. "ஆண்டவரோடு நடந்த எங்களுக்கா புத்தி சொல்கிறீர்கள்?" என்று சினக்கவுமில்லை. சீடர் அனைவரையும் கூட்டினார்கள். செபமும் இறைவார்த்தையுமே தங்கள் முதற் கடமை என்று சொல்லி, பந்திப் பணிக்கு நற்பெயர் பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை மக்களிடமே விட்டார்கள். முடியப்பர் முதலான அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே என்பது கவனிக்கத் தக்கது. விளைவு? இறைவார்த்தை பரவியது, சீடர் தொகை பெருகியது.

இதற்கு மாறாக, சாலொமோனின் மகன் ரெகபெயாமைப் பாருங்கள். நுகத்தை இலேசாக்கும்படி மக்கள் கேட்டனர். முதியோரும் இணங்கச் சொன்னார்கள். அவனோ தன்னோடு வளர்ந்த இளைஞரின் சொற்கேட்டுக் கடுமையாக மறுமொழி கொடுத்தான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின (1 அரசர் 12).

மாரியில் வாவி பெருகும்போது, ஆற்றுவாய் வெட்டாவிட்டால் வெள்ளம் வயலிலும் வளவிலும் ஏறும் என்பது மட்டக்களப்பார் அறிந்ததே. மனக்குறையும் அப்படித்தான். கூட்டத்திலே யாரும் வாய் திறக்கவில்லை என்று பங்குச் சபைத் தலைவரோ, மீனவர் சங்கத் தலைவரோ மகிழ வேண்டாம். அங்கே சொல்ல முடியாதது சந்தியிலே பேசப்படும். பின்பு அந்தப் பேச்சும் நின்று, ஆட்களே வராமற் போவார்கள்.

திருச்சபைச் சட்டமும் இதை உணர்ந்துள்ளது. திருச்சபையின் நன்மை குறித்த தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமையும், சில வேளைகளில் கடமையும் உண்டு என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு (எண் 212). பங்குச் சபைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு (எண் 536). ஆயினும் முறையாகக் கலந்து தேர்ந்து தெளிந்த கருத்தை, முடிவெடுப்பவர் புறக்கணிக்கலாகாது என்று 2024 ஒக்ரோபரில் உரோமையில் நிறைவுற்ற ஆயர் மாமன்றம் கூறியது.

ஆகவே பொறுப்பிலிருப்போர் குறையை இறுதிவரை கேட்க வேண்டும். சொன்னவரை விட்டுச் சொல்லப்பட்டதை ஆராய வேண்டும். செய்யக் கூடியதை இன்ன நாளுக்குள் என்று சொல்ல வேண்டும். கூடாததற்குக் காரணம் கூற வேண்டும். குறை சொல்வோருக்கும் கடமையுண்டு: முதலில் தனியே சென்று சொல் என்பது ஆண்டவரின் போதனை (மத்தேயு 18:15).

குடும்பத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டில் பிள்ளைகள் குறை சொல்லும்போது பெற்றோர் முதலில் சொல்லும் மறுமொழி என்ன?

2. நம் பங்கில் இன்று கவனிக்கப்படாத "விதவைகள்" யார்? அவர்களுக்காகப் பேசுவது யார்?