வெயிலில் நிற்கும் மூலதனம்: வாகனத்தின் பெயின்டைப் பாதுகாப்போம்

எமது வியாபாரிகள் கடைக்குள் இருக்கும் சரக்கை நன்றாகவே பாதுகாக்கிறார்கள். அரிசி மூடைகளை ஈரம் படாமல் பலகை போட்டு அடுக்குகிறார்கள். புடவைக் கட்டுகளில் வெயில் படாமல் திரை இடுகிறார்கள். ஆனால் கடைச் சரக்கைவிடவும் பெறுமதியான ஒன்று பல இடங்களில் வாசலிலே, வெட்ட வெயிலில் ஆண்டு முழுவதும் நிற்கிறது. அதுதான் அவர்களுடைய வாகனம்.

2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வழி திறந்த பின்னரும் வரிச்சுமையோடு சேர்த்துப் பார்க்கும்போது புதிய வாகனம் சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. ஆகவே கையிலுள்ள வேனையோ காரையோ இன்னும் பல வருடம் ஓட்டுவதே எம்மில் பலருக்குள்ள வழி.

பாவித்த வாகனங்களை வாங்கி விற்கும் தொழிலில் இருப்பதால் ஒன்றை நான் அடிக்கடி காண்கிறேன். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே அளவு ஓட்டம் உள்ள இரண்டு வாகனங்கள் வந்து நிற்கும். இரண்டின் எஞ்சினும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பொனட் வெளுத்துப்போன வாகனத்தில்தான் வாங்க வந்தவர் விலையைக் குறைக்கத் தொடங்குவார். லீசிங்குக்காக வரும் மதிப்பீட்டாளரின் கண்ணிலும் முதலில் படுவது மேற்தோற்றமே. ஆகவே பெயின்டைப் பேணுவதை ஆடம்பரம் என்று எண்ணாமல் சொத்துப் பராமரிப்பாகக் கருத வேண்டும்.

பெயின்டும் ஒரு கைமுதல்தான்

இன்றைய வாகனங்களில் தகட்டின் மீது கறள் தடுக்கும் பூச்சும் பிரைமரும், அதன் மீது நிறமும், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற படையும் இருக்கின்றன. இந்த மேற்படையைக் கராஜ்காரர்கள் கிளியர் கோட் என்பார்கள். எல்லாப் படைகளும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்றோன்தான். கணக்கெழுதும் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்றோன். இதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்றோன் வரையில் இருக்கும்.

பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தை அடையாமல் தடுப்பதும் இந்த மெல்லிய படையே. கட் அன்ட் பொலிஷ் செய்யும்போது கீறல்கள் மறைவது எப்படி? கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து மட்டமாக்குகிறார்கள். அதாவது ஒவ்வொரு தடவையும் சில மைக்றோன்கள் குறைகின்றன. அவை திரும்பி வருவதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் கட் அன்ட் பொலிஷ் செய்பவர், இலாபத்தை விட்டுவிட்டு முதலை எடுத்துச் சாப்பிடும் வியாபாரியைப் போன்றவர். ஐந்தாறு வருடத்தில் கிளியர் கோட் தீர்ந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும்.

ஆகவே இப்பாடத்தின் சாரம் இதுதான்: அடிக்கடி கழுவுங்கள், ஒழுங்காக மெழுகிடுங்கள், அரிதாகவே தேயுங்கள்.

வெளியில் நிற்கும் வாகனத்தின் எதிரிகள்

முதல் எதிரி வெயில். மேல்நோக்கிய பகுதிகளான பொனட்டும் கூரையும்தான் முதலில் கெடுகின்றன. இரண்டாவது உப்பு. பேருவளை, காத்தான்குடி, கல்முனை, புத்தளம் போன்ற கரையோர ஊர்களில் இரவுப் பனியோடு உப்பும் வாகனத்தில் படிகிறது. கல் பட்டுப் பெயின்ட் தெறித்த இடத்தில் அந்த உப்பு நுழைந்தால் கறள் விரைவாகப் பிடிக்கும். கருவாடு, மீன் ஏற்றுபவர்களின் வாகனங்களில் பின்கதவின் கீழ் விளிம்பை எப்போதும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது பறவை எச்சம். நிழல் தேடி மரத்தின் கீழ் நிறுத்துகிறோம். மேலே காகமும் வௌவாலும் இருக்கின்றன. எச்சம் வெயிலில் காயும்போது பெயின்டையும் அரித்துத் தழும்பை ஏற்படுத்தும். கண்டவுடன் ஈரத் துணியை அதன் மீது சில நிமிடம் வைத்து, ஊறிய பின் ஒற்றி எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது.

நான்காவது தண்ணீர். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற பகுதிகளின் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். புதிய புள்ளிகளை, வினாகிரியில் சம அளவு நீர் கலந்து நனைத்த துணியால் துடைத்து, உடனே நல்ல நீரால் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

ஐந்தாவது புழுதி. கிழக்கில் கச்சான் காற்று வீசும் மாதங்களிலும், சீமெந்து, மணல் வியாபாரம் செய்யும் இடங்களிலும் இதுவே பெரிய தொல்லை. புழுதி படிந்த வாகனத்தை உலர்ந்த துணியால் துடைப்பது பெயின்டின் மீது மணல்தாள் போடுவதற்குச் சமம்.

முதலில் நோயை அறியுங்கள்

பணம் செலவழிக்க முன்னர், பெயின்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பகுதியைக் கழுவி உலர்த்தி, சூரிய ஒளியில் சாய்வாகப் பாருங்கள். மூன்று நிலைகள் உண்டு.

1. மங்கலும் நுண்ணிய வட்டக் கீறல்களும் உள்ளன, ஆனால் மேற்படை முழுமையாக இருக்கிறது. இதை மீட்கலாம்.

2. பழைய வேன், லொறிகளில் தொட்டால் கையில் வெள்ளை மாவு போல ஒட்டுகிறது. இவற்றில் பலவற்றுக்குக் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேற்படை. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் இட்டுத் தேயுங்கள். வாகனத்தின் நிறம் துணியில் வந்தால் அது ஒற்றைப் பூச்சு. இதையும் பெரும்பாலும் மீட்கலாம். வியக்கத்தக்க மாற்றம் வருவது இவ்வகை வாகனங்களில்தான்.

3. கிளியர் கோட் வெடித்து, ஓரங்கள் வெண்மையாகி, செதில் போல உரிகிறது. இதை எந்தப் பொலிஷாலும் மீட்க முடியாது. எவராவது முடியும் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பகுதியை மட்டும் தேய்த்து மீண்டும் பெயின்ட் அடிப்பதே தீர்வு.

மெருகை மீட்கும் முறை

நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். வாகன ஷாம்பு கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கழுவிய பின்னும் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால் அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளே பார் எனப்படும் மென்மையான களிக் கட்டியை, ஷாம்பு நீர் தெளித்து மெதுவாக ஓட்டினால் அது வந்துவிடும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். அதில் ஒட்டிய மணல் கீறிவிடும்.

அடுத்து, ஒரு சதுர அடி அளவு இடத்தில் மட்டும் பரிசோதனை செய்யுங்கள். முதலில் மென்மையான பொலிஷைப் போட்டுப் பாருங்கள். அது போதாவிட்டால் மட்டுமே றபிங் கொம்பவுண்டுக்குப் போங்கள். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கடுமையானதையே முதலில் எடுக்கிறார்கள். கதவின் விளிம்பு, பொனட்டின் மடிப்புக் கோடு ஆகிய இடங்களில் பெயின்ட் மெல்லியது. அவற்றை மறைப்பு டேப்பால் மூடிவிட்டுத் தேயுங்கள். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் சூட்டில் பெயின்ட் எரிந்துவிடும். அனுபவமில்லாதவர் கையால் செய்வதே பாதுகாப்பானது.

கல் தெறித்த சிறு காயங்களை அப்படியே விடாதீர்கள். கறளைச் சுரண்டி, பிரைமர் தொட்டு, அது காய்ந்த பின் நிறம் இடுங்கள். பிரைமர் தனியாக நீரைத் தடுக்காது. நிறம் பூசாமல் மாதக்கணக்கில் விட்டால் கீழே கறள் ஓடும். நிற இலக்கம் வாகனத்தின் தகட்டிலேயே இருக்கும். எடுத்துக்காட்டாக டொயோட்டாவின் பிரபலமான வெள்ளை நிறம் ஒன்றின் இலக்கம் 040. இலக்கத்தைச் சொல்லிக் கலக்கச் செய்தால் நிறம் பெரும்பாலும் பொருந்தும். ஆனாலும் வெளுத்துப்போன பழைய பகுதியோடு வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாக்கும் ஒழுங்கு

தேய்த்து மீட்ட பெயின்டுக்குக் கவசம் அவசியம். கார்னோபா மெழுகு நல்ல பளபளப்பைத் தரும். ஆனால் எமது வெயிலில் ஓரிரு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். செயற்கை சீலன்ட் வகைகள் சில மாதங்கள் தாங்கும். செரமிக் கோட்டிங் இன்னும் நீடிக்கும். ஆனால் செலவு அதிகம், அடியிலுள்ள பெயின்ட் நன்றாக இருந்தால்தான் பயன். கவசம் இருக்கிறதா என்று அறிய நீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் இருக்கிறது. தட்டையாகப் பரவினால் மீண்டும் இட வேண்டும். கராஜில் புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதிக்குக் குறைந்தது ஒரு மாதம் மெழுகிடாதீர்கள். அது முற்றாகக் காய வேண்டும்.

வாரம் ஒருமுறை கழுவுவது போதும். கடை தாமதமாகத் திறக்கும் நாளில், வெயில் ஏறுமுன் செய்யலாம். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்று ஷாம்புக்கு, மற்றது அழுக்குத் துணியை அலச. மேலிருந்து கீழாகக் கழுவி, மைக்ரோபைபர் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். மேற்குப் பகுதியினர் தென்மேல் பருவமழைக்கு முன் ஏப்ரலிலும், கிழக்கிலுள்ளோர் மாரிக்கு முன் செப்டெம்பரிலும் தவறாமல் மெழுகிட்டால் மழைக் காலம் கவலையின்றிக் கழியும்.

நிறுத்தும் இடத்துக்குத் தகரமோ பச்சை வலையோ கொண்டு ஒரு கூரை போட முடிந்தால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. உறை போடுவதாயின், கழுவிய வாகனத்துக்கே போடுங்கள். புழுதியின் மேல் போட்ட உறை காற்றில் ஆடி ஆடிக் கீறும். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை அடைத்து வைக்கும்.

செய்யக் கூடாதவை

டீசல், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் பூசித் துடைப்பது சிலரின் வழக்கம். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். டீசலும் மண்ணெண்ணெயும் றப்பர் பட்டிகளையும் கெடுக்கும். சலவைத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகை அகற்றிவிடும். வாகனத்தில் ஒட்டிய கடைப் பெயர் ஸ்டிக்கரைப் பல வருடம் அப்படியே விட்டால், பின்பு கழற்றும்போது சுற்றியுள்ள பெயின்ட் வெளுத்து, அதன் அடியில் எழுத்து அப்படியே தெரியும். விற்கும் எண்ணமுள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மெருகு வேறு, மறைப்பு வேறு

எமது பத்திரிகையில் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. விற்பதற்கு முன் வாகனத்தைக் கழுவி, மெருகிட்டு நிறுத்துவது கடையில் பழங்களைத் துடைத்து அடுக்குவது போன்றது. அதில் குறையில்லை. ஆனால் கறள் ஓட்டையைப் பட்டியால் அடைத்து, மேலே பெயின்ட் அடித்து, எதுவும் சொல்லாமல் விற்பது வேறு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸ் தானியத்துக்கு மட்டும் உரியதல்ல. கறளின் மேல் அடித்த பெயின்ட் அந்த ஈரத்தை மூடிய உலர்ந்த தானியமே.

கீறல்களை எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைக்கும் பொலிஷ்களும் உண்டு. நாலைந்து கழுவலில் கீறல் மீண்டும் தெரியும். அப்போது வாங்கியவரின் மனதில் உங்கள் பெயரும் தெரியும். எனவே பெயின்ட் அடித்த பகுதியை, பட்டி போட்ட இடத்தை நீங்களே காட்டிவிடுங்கள். விலையில் சிறிது குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த வாகனத்துக்கும் உங்களிடமே வருவார், பறக்கத்தும் அதில்தான்.

வாங்குபவருக்கும் ஒரு சொல். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடாயின் ஒட்டும். பட்டி தடிப்பாக இருந்தால் நழுவும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கு இது பயன்படாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பரில் பெயின்ட் துளிகள் படிந்திருந்தால், அந்தப் பகுதி மீண்டும் அடிக்கப்பட்டது என்று அறிந்து காரணத்தைக் கேளுங்கள்.

இந்த வாரம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷாம்பு, இரண்டு துணி, ஒரு டப்பி மெழுகு ஆகியவற்றுக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் செலவை ஒரு பக்கம் எழுதுங்கள். பொனட்டும் கூரையும் மீண்டும் பெயின்ட் அடிக்க உங்கள் ஊர்க் கராஜில் கேட்கும் கூலியை மறுபக்கம் எழுதுங்கள். எது இலாபம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.