பாலூட்டும் தாயும் உடல் எடையும்

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

கொல்லிமலையின் மேல் பிள்ளை பெற்ற பெண்ணைக் கண்டால், "ஏன் இப்படி இளைத்துப் போனாய்?" என்று கேட்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளியைத் தாண்டிவிட்டால் கேள்வி மாறிவிடுகிறது. "ஏன் இப்படிப் பெருத்துப் போனாய்?" என்கிறார்கள். மேலேயும் கீழேயும் கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு கேள்விக்கும் உடற்கூற்றில் விடை ஒன்றே என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். பாலூட்டும் தாய் தன் எடையைக் குறைக்கலாமா, குறைக்கலாம் என்றால் எவ்வளவு, எவ்வாறு என்பதை நான் படித்த அளவிலும் பார்த்த அளவிலும் இங்கு எழுத முற்படுகிறேன். விலங்கியல் வகுப்பில் 'பாலூட்டிகள்' என்ற தலைப்பின்கீழ் எலியையும் முயலையும் படிக்கிறோம். அத்தலைப்பில் நம் தாயும் தமக்கையும் அடங்குவர் என்பது தேர்வு நேரத்தில் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

முதலில் அந்த எடை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கருவுற்ற பெண்ணுக்குச் சாதாரணமாக 10 முதல் 12 கிலோ வரை எடை கூடுகிறது. குழந்தை ஏறத்தாழ 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பனிக்குட நீர் ஒரு கிலோவுக்கு அருகில். பெருத்த கருப்பை ஒரு கிலோ. மிகுந்த இரத்தமும் நீரும் சில கிலோ. எஞ்சியிருக்கும் 3 அல்லது 4 கிலோதான் கொழுப்பு. பிரசவத்தின்போதே 5, 6 கிலோ குறைந்துவிடும். ஒரு கிலோ இருந்த கருப்பை ஆறே வாரத்தில் 60, 70 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். மிகுதி நீரும் அதற்குள் வெளியேறிவிடும். ஆகவே முதல் ஆறு வாரத்தில் எடை குறைப்பதற்கென்று ஒருத்தி எதுவும் செய்யவேண்டியதில்லை. உடலே அந்த வேலையைச் செய்துகொள்கிறது.

மிஞ்சும் அந்தக் கொழுப்பு தொடையிலும் இடுப்பிலும் தங்குகிறது. இது சோம்பலால் வந்ததன்று. அறுவடை முடிந்ததும் குதிரில் தானியத்தைக் கொட்டி வைப்பது போல, வரப்போகும் பாலுக்காக உடல் முன்கூட்டியே சேர்த்து வைத்த இருப்பு அது. மலைவாசியான எனக்கு இந்த உவமை எளிதாக விளங்கியது.

இனிச் சற்றுக் கணக்குப் போடுவோம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குத் தாய் ஒரு நாளில் ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் பால் சுரக்கிறாள். 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 67 கலோரி எனக் கொண்டால் பாலில் மட்டும் 500 கலோரி போகிறது. பாலை உண்டாக்கும் வேலைக்கும் ஆற்றல் செலவாவதால் மொத்தச் செலவு 600 கலோரியைத் தாண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையும் முதல் ஆறு மாதத்துக்குத் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660 கலோரி. கடின உழைப்பாளிக்கு 2,720 கலோரி. இவற்றோடு 600-ஐக் கூட்டினால் டவுனில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தாய்க்கு 2,260, எங்கள் மலையில் விறகு சுமந்து காடு ஏறும் தாய்க்கு 3,320 என்றாகிறது. ஆயிரம் கலோரிக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டில்தான் மேலே கேட்கும் கேள்விக்கும் கீழே கேட்கும் கேள்விக்கும் காரணம் அடங்கியிருக்கிறது.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளது. கூடுதலாக வேண்டிய 600-இல் ஒரு தாய் 450-ஐ மட்டும் உணவில் பெற்றுக்கொண்டால், மீதி 150 குதிரிலிருந்து எடுக்கப்படும். மாதத்துக்கு 4,500 கலோரி. அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். எந்தப் பட்டினியும் இல்லாமல் ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோ தானாகவே குறைந்துவிடும். இதைவிட விரைவு வேண்டுவோர் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. மிகுந்த எடையுள்ள 40 பாலூட்டும் தாய்மார்கள் அதில் பங்கு பெற்றனர். ஒரு பிரிவினர், குழந்தைக்கு நான்கு வாரம் ஆன பின், பத்து வாரத்துக்கு உணவில் 500 கலோரி குறைத்து, வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தனர். வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைந்தது. குழந்தைகளின் வளர்ச்சியில் குறை ஏதும் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகளை மறக்கலாகாது. அவர்கள் உண்மையிலேயே மிகுந்த எடை உடையவர்கள்; அவர்கள் பட்டினி கிடக்கவில்லை.

இங்குதான் நண்பர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். "குறைவாகச் சாப்பிட்டால் பால் வற்றிவிடும்" என்று சொல்லித்தான் பெண்களை எச்சரிப்பது வழக்கம். அது அவ்வளவாக உண்மையன்று என்பதே ஆபத்துக்குக் காரணம். நம் நீலகிரியில், குன்னூரில், மக்காரிசன் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1918-இல் தொடங்கிய ஆய்வுப்பணி பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1950-களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்தக் கூடத்தில் டாக்டர் சி. கோபாலன் 1950-களில் ஏழைத் தாய்மார்களின் பால் சுரப்பை ஆராய்ந்தார். போதிய உணவில்லாத அப்பெண்களும் மாதக்கணக்கில் பால் கொடுத்து வந்ததைக் கண்டார். பின்னர் ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் கெனெபா சிற்றூரில் பாலூட்டும் தாய்மார்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தபோது, பாலின் அளவு கூடவில்லை. தாயின் உடல்தான் சற்றுத் தேறியது. அப்படியென்றால் அதுவரை பாலுக்கு ஈடு கொடுத்து வந்தது எது? தாயின் உடலே.

ஆகவே குழந்தை கொழுகொழுவென்று இருப்பது, தாய் நலமாக இருக்கிறாள் என்பதற்குச் சான்றாகாது. பாலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தாயின் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பாலூட்டும் மாதங்களில் எலும்பின் தாதுச் செறிவு நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை குறைவதும், பால் மறந்த பின் அது மீள்வதும் இயற்கை. ஏ, பி வகை வைட்டமின்களின் நிலை வேறு. தாயின் உணவில் அவை குறைந்தால் பாலிலும் குறையும். அங்கே குழந்தையும் பங்காளியாகிவிடுகிறது.

என் தமக்கையின் நிலையை இங்குச் சொல்லலாம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மலையில் இருந்தவரை நடந்தே பழகியவர், கீழே வந்ததும் வீட்டோடு இருந்தார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது, கைபேசியில் பார்த்த விளம்பரத்தை நம்பி ஒரு மாவுப் பொட்டலம் வரவழைத்தார். காலையில் ஒரு பொட்டலம், இரவில் ஒரு பொட்டலம், பகலில் மட்டும் ஒரு வேளைச் சோறு. இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைந்தது. தெருவே வியந்தது. தலை சுற்றுகிறது என்றபோது, "பிள்ளைக்குத்தான் பால் இருக்குதே, அப்புறம் என்ன?" என்றார் அவருடைய மாமியார். அவர் கெட்டவர் அல்லர்; எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். கிராம சுகாதாரச் செவிலியர் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஈமோகுளோபின் 8.2 கிராம். 12 இருக்க வேண்டும். அந்தப் பொட்டலத்தின் பின்புறத்தில், பாலூட்டும் தாய்மார்க்கு உரியதன்று எனச் சிறு எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். நானோ அப்போது விடுதியில் இருந்தேன். பொட்டலம் நின்றது, மூன்று வேளை உணவும் இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கின. மூன்று மாதத்தில் 10.6-க்கு வந்திருக்கிறார்.

உள்ளதைச் சொன்னால், பாலினால் போகும் இரும்புச் சத்து மிகச் சிறிது. இரத்தம் குறைவது பெரும்பாலும் கருவுற்ற காலத்திலும் பிரசவத்திலும்தான். அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டிய மாதங்களில் உணவை நிறுத்துவதே தவறு. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகுந்த எடை உடையவர்கள். நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். இரண்டும் ஒரே பெண்ணிடத்தில் சேர்ந்திருக்கவும் கூடும். தடித்த உடம்பு சத்துள்ள உடம்பு என்ற எண்ணத்தை நாம் விட்டாக வேண்டும்.

உணவுக்கு வருவோம். எங்கள் பாட்டி காலத்தில் மலையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருங்கேழ்வரகு, தினை எனப் பல தானியங்கள் விளைந்தன. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறி வந்ததும் அந்த நிலங்கள் பெரும்பாலும் அதற்கே போயின. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் துன்பமும் ஒரு காரணம். அது பெண்கள் தலையில் விழுந்த வேலை. அதை இன்று உடற்பயிற்சி என்று புகழ்வோர் ஒரு நாள் உலக்கை பிடித்துப் பார்க்கட்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து மலையில் இவ்விதைகளைக் காப்பாற்றவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டு வரவும் பாடுபட்டது.

மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பும். 100 கிராமில் புரதம் ஒரு கிராம் அளவே. கேழ்வரகிலோ 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகமிகக் குறைவு. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைத் தேவை 1,200 மில்லிகிராம். சிறுதானியம் தின்றால் உடனே இளைக்கும் என்று கடைகளில் எழுதி வைத்திருப்பதை நம்ப வேண்டாம். ஒரு கிலோ சாமையும் ஒரு கிலோ அரிசியும் தரும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. நார்ச்சத்து மிகுதியால் சிறிது உண்டதும் வயிறு நிறைகிறது என்பதே அதன் பயன். பெரிய உருண்டைக் களிக்குப் பதில் சிறு உருண்டை, அதோடு கைந்நிறையக் கீரை, அவரைக் கொட்டை, ஒரு முட்டை, மோர். இப்படிச் செய்தால் பசியில்லாமல் கலோரி குறையும். குறைக்க வேண்டியவை வேறு: சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட், முறுக்கு, பார்க்க வருவோர் வாங்கி வரும் இனிப்பு. ஒரு நாளில் ஐந்து டீ குடிப்பவர் அதை இரண்டாக்கினாலே கணக்கில் தெரியும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் நினைவிற்கொள்க.

பத்தியத்தைப் பற்றி ஒரு சொல். பூண்டும் சுக்கும் சேர்த்த குழம்பில் தீங்கில்லை. ஆனால் "தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்" என்று தாகத்தோடு வைத்திருப்பது கொடுமை. பாலில் பெரும்பகுதி நீரே. தாகம் தீரக் குடிக்கவேண்டும். வயிற்றில் துணி கட்டுவது நிமிர்ந்து நடக்கத் துணை செய்யலாம், கொழுப்பைக் கரைக்காது. விரிந்து போன வயிற்றுத் தசைகள் மெல்லக் கூடுவதற்கு மாதங்கள் ஆகும்.

நடை நல்லது. இயல்பான பிரசவம் என்றால் சில நாளிலேயே மெல்ல நடக்கத் தொடங்கலாம். வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவமாயின் மருத்துவர் சொல்லும்வரை சுமை தூக்கக் கூடாது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு நடந்தால் மார்பு கனக்காது. மிதமான பயிற்சியால் பால் புளித்துவிடும் என்பது வீண் பயம். இவையெல்லாம் கீழே வாழும் தாய்க்கு. பேறு முடிந்து விரைவிலேயே காட்டு வேலைக்குப் போகும் மலைத்தாய்க்கு நடையைப் பற்றி உபதேசம் செய்வது நகைப்புக்குரியது. அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரு வேளைச் சோறும், தலைச்சுமையை வாங்கிக்கொள்ள இன்னொரு ஆளும். அங்கன்வாடியில் தாய்மார்க்குத் தரும் சத்துமாவை அவளே உண்ண வேண்டும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அடையாகச் சுட்டுப் பங்கிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

முயலாமலே எடை விரைந்து குறைந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். தைராய்டுக் கோளாறும் காசநோயும் இளைப்பு வடிவில் வருவதுண்டு. பிரசவத்துக்குப் பின் 180 நாள் உண்ண வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அரசு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை உணவோடு ஒட்டியும் இரும்புச்சத்து மாத்திரையை வேறு நேரத்திலும் உண்ணலாம்.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்து கூழும் பருப்புச் சோறும் தொடங்கியதும் தாயின் கூடுதல் தேவை 520 கலோரியாகக் குறைகிறது. பால் மறக்கும்போது அது முற்றிலும் நின்றுவிடும். பல பெண்களுக்கு எடை ஏறத் தொடங்குவது இந்த நேரத்தில்தான். பால் நின்றது; பழகிய சாப்பாட்டு அளவு நிற்கவில்லை; குழந்தையின் தட்டில் மிஞ்சியதும் அவர்கள் தட்டுக்கே வருகிறது. சோற்றைக் குறைப்பதற்கும் நடையைக் கூட்டுவதற்கும் உரிய காலம் அதுவே.