கோட்டை வாசலும் மைதான வாசலும்



நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்த கால்பந்துப் போட்டி அது. கடைசி நிமிடத்தில் நம்ம பசங்க கோல் போட்டதும், "வாடா மச்சான்!" என்று ஒருவன் கயிற்றைத் தாண்டினான். பின்னாலேயே நூறு பேர். நானும் ஓடினேன். கூட்டம் கலைந்தபோது முதலாண்டுத் தம்பி ஒருவன் மணிக்கட்டு முறிந்து கிடந்தான். மிதித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. நானாகக்கூட இருக்கலாம். அந்த உறுத்தலில்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

நடந்தவை

1964 மே 24, பெரு நாட்டின் லிமா நகரம். நடுவர் ஒரு கோலைச் செல்லாது என்றதும் ரசிகர்கள் உள்ளே இறங்கினார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை வீசினர். மக்கள் படியிறங்கி ஓடினால் கீழே வாசற்கதவுகள் மூடிக் கிடந்தன. 300 பேருக்கு மேல் மாண்டனர். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் ஏறக்குறைய இதே கதை. 135 பேர் இறந்தனர்.

நம் நாட்டிலும் உண்டு. 1967 ஜனவரி 1, கல்கத்தா ஈடன் கார்டன் கிரிக்கெட். இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றதால் உட்கார இடமில்லாதவர்கள் மைதானத்துக்குள் வழிந்தார்கள். தடியடி, தீவைப்பு என்று முடிந்து, அன்றைய ஆட்டமே நடக்கவில்லை.

வேலி போட்டால் போதுமா?

போதாது. 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் கம்பி வேலியோடு நசுங்கி 97 பேர் இறந்தனர். உயிர் பிழைக்க வேலி ஏறியவர்களை, மைதானத்தில் புகுகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்களாம்! அதன்பின் அந்நாட்டு மைதானங்களில் அத்தகைய வேலிகள் அகற்றப்பட்டன.

ஒரு சிறு கணக்கு

பிரிட்டனின் மைதானப் பாதுகாப்புக் கையேட்டின்படி, சமதளத்தில் 1 மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம். அவசரத்தில் அதிகபட்ச நேரம் 8 நிமிடம். அப்படியானால் 2 மீட்டர் வாசல் ஒன்றில்:

82 × 2 × 8 = 1,312 பேர்.

3,000 பேர் வந்தால் அப்படிப்பட்ட வாசல் மூன்று வேண்டும். நாமோ ஒரு கேட்டைத் திறந்துவிட்டு மற்றதைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறோம்!

நம்ம ஊர் பாடம்

நமது செஞ்சி ராஜகிரிக் கோட்டையைப் பாருங்கள். வளைந்து வளைந்து போகும் வாசல்கள், உச்சிக்கு முன் பள்ளம், அதன்மேல் சிறு பாலம். முகலாயர் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது. கோட்டை வாசல் உள்ளே வருகிறவனைத் தடுக்கக் கட்டியது. மைதான வாசல் வெளியே போகிறவனை விடுவதற்குக் கட்டுவது. ரெண்டையும் குழப்பினால் உயிர் போகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. இடத்தை அளந்து, அந்த அளவுக்கே அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டும்.
2. ஆட்டம் முடியும்வரை எல்லா வாசலிலும் ஆள் நிற்க வேண்டும், பூட்டு கூடாது.
3. தொண்டர்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.
4. "ஜெயித்த அணி உங்களிடமே வரும், யாரும் இறங்க வேண்டாம்" என்று முன்கூட்டியே மைக்கில் சொல்லிவிட வேண்டும்.
5. உள்ளே குதித்தவனை விரட்டி அடிக்கக் கூடாது. விரட்டினால் மொத்தக் கூட்டமும் சிதறும்.

அடுத்த போட்டியில் கயிற்றோரம் நிற்கும் தொண்டனாக என் பெயரை முதலில் கொடுத்துவிட்டேன். கோல் விழும்போது என் முதுகுதான் மைதானத்தைப் பார்க்கும். பரவாயில்லை. நீங்களும் வாருங்கள், நண்பர்களே!