காணி விற்க முதல் அளந்து பார்

பேர்ண்.

அன்பு மருமகனுக்கு,

குருக்கள்மடத்துக் காணியை விற்று அப்பாவை இங்கே கொண்டுவரலாமா, முதுகில் கருவி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நீ பார்த்த செய்தி உண்மைதான். லொசானில் ஜோஸ்லின் புளோக், கிரேகுவார் கூர்ட்டின் ஆகியோரின் ஆராய்ச்சிக் குழுவினர் செய்து 2022 ஏப்ரலில் வெளியிட்டது. அப்பாவுக்கு உள்ள அதே மல்டிபிள் சிஸ்டம் அட்ரபிதான் அவர்கள் கருவி வைத்த 48 வயதுப் பெண்ணுக்கும். சில அடி நடந்தாலே மயங்கியவர், முள்ளந்தண்டின் மேல் மின்முனைகள் பொருத்திய பிறகு 250 மீட்டருக்கு மேல் நடந்தார்.

நாம் எழும்பினால் அரை லீட்டருக்கும் கூடுதலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். கழுத்து நாடியில் உள்ள உணரிகள் மூளைத்தண்டுக்கு அறிவிக்க, அங்கிருந்து வரும் கட்டளை இரத்தக் குழாய்களை இறுக்கும். இந்த வருத்தத்தில் அந்த நரம்பு வழிதான் பழுதாகிறது; அதனால் எழும்பியதும் பிரஷர் இறங்கி மயக்கம் வருகிறது. கருவி முள்ளந்தண்டிலேயே கட்டளையைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் நோய் நிற்காது மனே. பேச்சும் விழுங்கலும் நாளடைவில் தளரும். இந்தக் கருவியும் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. காணி விற்க நான் சம்மதியேன்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவன் என்பதால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கிளினிக் நெரிசலில் அப்பாவைக் கதிரையில் இருத்தித்தான் பிரஷர் பார்க்கிறார்கள். அதில் இந்தக் குறை பிடிபடாது. வீட்டில் ஐந்து நிமிடம் படுக்க வைத்து அள. பிறகு பக்கத்தில் ஆள் பிடிக்க எழுப்பி, முதலாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் அள. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் விழுத்துகிறது. படுத்திருக்கும்போது சிலருக்குப் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறும், அதையும் ஒரு கொப்பியில் எழுது.

கொப்பியோடு எல்லாக் குளிசைகளையும் நரம்பியல் நிபுணரிடம் கொண்டுபோ. பழைய பிரஷர் குளிசை, சலத்துக்குக் கொடுத்தது, லெவோடோப்பா எல்லாமே பிரஷரை இறக்கக்கூடியவை. நீயாக ஒன்றையும் நிறுத்தாதே. பிரஷரை ஏற்றும் மிடோட்ரின் தந்தால் குடித்து நாலு மணித்தியாலம் படுக்க விடாதே.

விழுங்கக் கஷ்டமில்லையென்றால் எழும்ப முதல் இரண்டு கிளாஸ் தண்ணீரை மளமளவென்று குடிக்கட்டும். கொஞ்ச நேரத்துக்காவது பிரஷரைத் தூக்கும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்து. மத்தியானச் சோற்றைக் குறைத்து, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடு. சாப்பிட்ட கையோடு வெயிலில் இறங்கினால் விழுவார். உப்பைக் கூட்டுவதென்றால் வைத்தியரிடம் கேட்டுச் செய்.

அடுத்த கிளினிக்குக்கு முதல் ஒரு கிழமை அளந்து கொப்பியைப் படம் எடுத்து அனுப்பு. விழுந்து தலை அடிபட்டால் என் பதிலுக்குக் காத்திராதே. உடனே களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

மாமா